பின்னணியில் ஓடும் வேலை

ஜூன் 10, செவ்வாய்

கம்ப்யூட்டரில் என்ன பராமரிப்பு செய்தோம், எந்த நாளில் செய்தோம் என்று இனி எழுதிவைக்க வேண்டுமாம். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் எல்லோருக்கும் அலுவலகத்திலிருந்து மெயில் வந்திருக்கிறது. கம்ப்யூட்டரிலேயே எழுதிவைக்கலாம். ஆனால் என்னுடையது இருக்கிற லட்சணத்தில் ஒரு பக்கம் திறப்பதற்குள் உலை கொதித்துவிடும். மகள் ரியானாவின் போன வருடத்து நோட்டில் பாதிக்கு மேல் வெள்ளைத்தாள். இதிலேயே எழுதுகிறேன்.

மேலே பெயர் விவரம் வேண்டும் என்றார்கள். டெல்பின். வெளிநாட்டு மருத்துவர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு அறிக்கையாகத் தட்டச்சு செய்யும் வேலை. தூத்துக்குடி. கம்ப்யூட்டரை வாங்கியது, பொருத்தியது, கடவுச்சொல் போட்டது எல்லாம் என் கணவர் லியோன். கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீசர். இப்போது கடலில் இருக்கிறார்.

கோளாறு: மெதுவாக ஓடுகிறது. இப்படியே தாமதமானால் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்றும் மெயிலில் ஒரு வரி இருக்கிறது. அதை இரண்டு முறை படித்தேன்.

ஜூன் 12, வியாழன்

எங்கள் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் நஸ்ரின் சென்னையிலிருந்து பேசினாள். சின்ன வயதுக் குரல். நான் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகச் சொன்னாள்.

"வீட்டைப் பெருக்குற மாதிரிதான்க்கா. ஆனா நீங்க ஞாபகம் வச்சிக்கிட்டுப் பெருக்க வேணாம். டாஸ்க் ஷெட்யூலர்னு ஒண்ணு இருக்கு. எந்த வேலை, எந்தக் கிழமை, எந்த நேரம்னு அதுல குறிச்சு விட்டுட்டா அதுவே பின்னணியில ஓடிக்கும். நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாக்கலாம்."

அவள் சொல்லச் சொல்ல மூன்று வேலைகளைக் குறித்தேன். புதன் மதியம், நான் அடுப்படியில் நிற்கும் நேரத்தில், வைரஸ் சோதனை. சனிக்கிழமை வேண்டாத கோப்புகளை அழித்தல். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சில் பூசைக்குப் போயிருக்கும்போது எல்லாவற்றையும் நகல் எடுத்தல்.

நான் குழம்பு தாளிக்கும்போது கூடத்தில் அந்தப் பெட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொண்டிருக்கும் என்பதை நினைத்தால் சந்தோஷமாக இருந்தது. ரியானாவிடம் சொன்னேன். "என் ஷூவையும் அதுல போடேன்" என்றாள்.

ஜூன் 14, சனி

கப்பலிலிருந்து அவர் பேசினார். சாப்பாடு, ரியானாவின் இருமல், தண்ணீர் மோட்டார். பிறகு கேட்டார், "ஞாயித்துக்கெழமை பேக்கப் எதுக்கு போட்டிருக்க?"

"ஆபீஸ்ல சொன்னாவ."

"எதை எடுத்து எங்க வைக்குத?"

"எல்லாத்தையும். அதுக்குள்ளேயேதான் இருக்கும்."

"ம்" என்றார். ரியானா எப்போது தூங்குகிறாள் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

பேக்கப் பற்றி அவரிடம் எப்போது சொன்னேன் என்று யோசித்தேன். முந்தாநாள் பேசும்போது சொல்லியிருப்பேன். சொல்லித்தான் இருக்க வேண்டும்.

போன மாதமும் இப்படித்தான். சன்னலுக்குத் திரைத்துணி தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலையே, "நீலம் வேண்டாம், அழுக்குத் தெரியும்" என்றார். கணவன் மனைவிக்கு ஒரே மாதிரி தோன்றுகிறது பார் என்று மதுரையில் நர்ஸாக இருக்கும் என் அக்கா மேபலிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பூசை. நகல் எடுத்து முடிந்திருக்கிறது. காற்று பலம், துணியெல்லாம் மணல். நிறையத் தட்டச்சு செய்தால் இடது மணிக்கட்டு வலிக்கிறது. இரண்டு வருடம் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்தது.

ஜூன் 18, புதன்

வரிசையாக எழுத முயல்கிறேன். 

மதியம் வைரஸ் சோதனை ஓடியது. எதுவும் இல்லை என்று பச்சை அடையாளம் காட்டியது. இருந்தும் பெட்டி மெதுவாகவே ஓடியது. நஸ்ரினிடம் சொன்னேன். அங்கிருந்தபடியே என் திரைக்குள் வந்தாள். என் மவுஸ் அம்பு தானாக நகர்வதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து மேலிருந்து கீழே வந்துகொண்டிருந்தவள் ஓரிடத்தில் நின்றாள். 'டிஸ்பிளே ஹெல்ப்பர்' என்று ஒரு பெயர்.

"இது நீங்க போட்டதாக்கா?"

"நான் மூணுதானே போட்டேன்."

"கம்ப்யூட்டரைத் திறந்ததும் ஆரம்பிக்குது. அப்புறம் விட்டு விட்டு ஓடிக்கிட்டே இருக்கு. இதனாலதான் மெதுவா இருக்கு. வாங்கின வருஷத்துல இருந்தே இருக்கு போல. எதைத் திறக்குதுன்னு பார்ப்போம்."

ஒரு கோப்புறை திறந்தது. முழுக்கப் படங்கள். எல்லாம் என் திரையின் படங்கள். நான் தட்டச்சு செய்த அறிக்கைகள், பார்த்த துணிகள், மேபலுக்கு எழுதிவிட்டு அனுப்பாமல் அழித்த மெயில். கடைசிப் படம் சற்றுமுன் எடுத்தது. அதில் நஸ்ரினின் அம்பு 'டிஸ்பிளே ஹெல்ப்பர்' என்ற பெயரின் மேல் நின்றுகொண்டிருந்தது.

அவள் அம்பை மெல்ல விலக்கினாள். பிறகு வேறு யாரிடமோ பேசுவது போல, "சரிக்கா, சோதனை முடிஞ்சிடுச்சு, எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் மூடினாள். போனை வைப்பதற்கு முன் மட்டும் குரலைத் தணித்து, "இந்தப் போன் யார் வாங்கிக் கொடுத்தது?" என்றாள்.

"அவர்தான்."

"வேற போன்ல இருந்து என்னைக் கூப்பிடுங்க. வெளியில போய்க் கூப்பிடுங்க."

ரியானாவை அழைத்துவரப் போனபோது பள்ளி அலுவலகத்தில் இருந்த சிஸ்டரிடம் கேட்டு அங்கிருந்த போனில் பேசினேன். அந்தப் படங்கள் ஒரு மெயில் முகவரிக்குத் தானாகப் போய்க்கொண்டிருக்கின்றன என்றாள் நஸ்ரின். முகவரியைப் படித்துக் காட்டினாள். லியோன் என்ற பெயரும் ரியானாவின் பிறந்த தேதியும் அதில் இருந்தன.

அந்தப் பெயரில் ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். அந்தத் தேதியில் எத்தனையோ பிள்ளைகள் பிறந்திருக்கும்.

"அதை அழிச்சிரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்க்கா. அழிச்சா அந்தப் பக்கம் தெரிஞ்சிடும். இப்ப நாம பார்த்ததே படமாப் போயிருக்கும். அது என் தப்பு. யாராவது கேட்டா, ஆபீஸ்ல எல்லார் கம்ப்யூட்டரையும் இப்படித்தான் பார்க்குறாங்கன்னு சொல்லுங்க."

"யாரு கேக்கப் போறா?"



ஜூன் 19, வியாழன்

காலையிலேயே அழைப்பு வந்துவிட்டது. வீடியோ. வழக்கமாக மாலையில்தான் பேசுவார்.

"நேத்து மிஷினுக்குள்ள வந்தவ யாரு?"

"ஆபீஸ் பிள்ளை. எல்லாரு மிஷினையும் பாக்காவ."

"என்னத்தைப் பாத்தா?"

"எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? மெதுவா ஓடுதுன்னு பாத்தா. ஒண்ணும் இல்லைன்னுட்டா."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் கப்பல் எஞ்சின் சத்தம்.

"அதுல ஒண்ணு இருக்கு, ஹெல்ப்பர்னு. நான்தான் போட்டேன். வைரஸ் வராம இருக்க. அதுல யாரும் கை வைக்கக் கூடாது. சரியாட்டி?"

"சரிங்க."

"அடுத்த மாசக் கடைசியிலதான் இறங்கணும். கேப்டன்கிட்ட பேசிட்டேன். சீக்கிரமே வாரேன். வந்து பேசிக்கிடுவோம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் அதைத்தான் புகழ்வார்கள்.

ஜூன் 20, வெள்ளி

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. வேறொன்றும் இல்லை.

ஜூன் 21, சனி

கோப்புகள் அழிக்கும் வேலை தானாக ஓடியது.

திரைக்கு முன்னால் எப்படி உட்கார வேண்டும் என்று மறந்துவிட்டது. நேராக உட்கார்ந்தால் நடிப்பது போல இருக்கிறது. தட்டச்சு செய்யாமல் நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பாரோ என்று கை தானாக ஓடுகிறது. காலையில் அவருக்குப் பிடித்த நண்டுக் குழம்பு எப்படி வைப்பது என்று தேடினேன். எனக்கு நன்றாகத் தெரிந்த குழம்பு. அவர் பார்க்கட்டும் என்று தேடினேன்.

திரைக்கு மேல் கேமரா ஒரு மிளகளவு கறுப்பாக இருக்கிறது. அதில் விளக்கு எரிவதில்லை. அதை மூடலாமா என்று ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்தேன். ஏன் மூடினாய் என்று கேட்டால்? பொட்டை நெற்றியில் ஒட்டிக்கொண்டேன். நான் பொட்டு வைக்கிற வழக்கமில்லை. ஞாபகம் வந்ததும் பிய்த்துப் போட்டேன்.

வீட்டுக்குள் இருக்கும்போது இந்த நோட்டைக் குளியலறையில் வைத்து எழுதுகிறேன்.

ஜூன் 23, திங்கள்

பள்ளி அலுவலகத்திலிருந்து மேபலைக் கூப்பிட்டேன். சும்மா சொல்லிவைப்போம் என்றுதான். சொல்லி முடித்ததும், "பிள்ளையைக் கூட்டிக்கிட்டு இங்க வந்துரு" என்றாள்.

"அவ்வளவு பெரிசா ஒண்ணும் இல்லக்கா. அவருக்கு எல்லாத்துலயும் ஒரு பயம். கடல்ல கெடக்குறவர்."

"டெல்பின். உன் கை ஒடிஞ்சப்ப எக்ஸ்ரேயை எனக்குத்தானே அனுப்புன. நான் எலும்பு வார்டுல எட்டு வருஷம் இருந்தவ. விழுந்த கை அப்படி ஒடியாது. அன்னைக்கே கேட்டிருக்கணும். கேட்டா நீ போனையே எடுக்க மாட்டேன்னு பயந்து கேக்கல."

 சிஸ்டர் ஏதோ தாளைப் பார்ப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள் மேபல். "வியாழக்கிழமை வரைக்கும் எனக்கு நைட் டூட்டி. வெள்ளிக்கிழமை வா. பஸ் ஸ்டாண்டுல நிப்பேன்."

பிறகு நஸ்ரினிடம் பேசினேன். நான் கிளம்பிப் போனது மதுரை சேரும்வரை தெரியக்கூடாது என்றேன். அதை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் நான் போகப்போகிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

நஸ்ரின் கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு முழுச் சோதனையை நேரம் குறித்து வைத்துவிடலாம். மாலை வரை ஓடும். திரையில் பச்சைக்கோடு நகர்ந்துகொண்டே இருக்கும். பார்ப்பவருக்கு நான் வீட்டில் இருப்பது போலத்தான் தெரியும். போனையும் பக்கத்திலேயே விட்டுவிட வேண்டும். அதற்கு முன் புதன்கிழமை அந்தப் படங்களை ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"எதுக்கு அது? எனக்கு வேண்டாம்."

"வேணும்க்கா. நாளைக்கு அவர் அப்படி ஒண்ணும் இல்லவே இல்லைன்னு சொன்னா நீங்க எதைக் காட்டுவீங்க? நான் ஒரு பராமரிப்புக் கோப்பு அனுப்புறேன். ஒரு தடவை க்ளிக் பண்ணுங்க, போதும். இந்த வார நகல் பென்டிரைவுல ஏறும். அந்தக் கோப்புறையும் அதோட சேர்ந்து ஏறிடும். திரையில எதுவும் தெரியாது."

ஜூன் 25, புதன்

மதியம் பென்டிரைவைச் செருகி, நஸ்ரின் அனுப்பிய கோப்பை க்ளிக் செய்துவிட்டு வந்து உலையில் அரிசி போட்டேன். அதன் நுனியில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. போன் அடித்தது. வீடியோ.

"என்ன செய்த?"

"சோறு வைக்கேன்."

"ஏன் முகம் வேர்த்திருக்கு?"

"அடுப்படியில நிக்கேன்லா."

"கூடத்தைக் காட்டு. மோட்டார் சுவிட்ச் மாத்தச் சொன்னேனே, மாத்தியாச்சா பாப்போம்."

சுவிட்ச் கம்ப்யூட்டர் மேசைக்கு மேலேதான் இருக்கிறது. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மேசைக்கு வந்ததும் சாய்ந்து நிற்பது போல இடது கையை அந்தப் பெட்டியின் மேல் ஊன்றினேன். பென்டிரைவ் உள்ளங்கைக்குள் சூடாக இருந்தது. விளக்கு விரலிடுக்கில் தெரிகிறதா என்று குனிந்து பார்க்கவும் முடியவில்லை.

"சரி. மேசையில என்ன, ஒரே தாளாக் கெடக்கு?"

"ரியானா வரைஞ்சது."

"எடுத்துக் காட்டு."

காட்ட வேண்டுமானால் அந்தக் கையைத்தான் எடுக்க வேண்டும். போனைச் சுவரில் சாய்த்து வைத்து, போன் பிடித்த கையால் தாளை எடுத்துக் காட்டினேன். ஒரு படகு. கீழே 'அப்பா' என்று எழுதியிருந்தாள். அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழமை காலையில வீட்டுல இருப்பேன். பிள்ளைகிட்ட சொல்லாத. நீயும் யார்கிட்டயும் சொல்லாத."

வைத்த பிறகும் கையை எடுக்காமல் நின்றேன். சோறு குழைந்து போயிற்று. பென்டிரைவை மணிபர்சில் போட்டுவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

ரியானாவின் பள்ளிப் பையிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்துவிட்டு இரண்டு கவுன் வைத்தேன். கட்டைப்பையில் என் சேலைகள், சான்றிதழ்கள். அவருடைய சட்டைகளை எல்லாம் தேய்த்து அடுக்கினேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 28, சனி. மதுரை

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

காலையில் ரியானா பள்ளிக்குப் போனாள். குறித்த நேரத்தில் சோதனை தானாக ஆரம்பித்தது. பச்சைக்கோடு. போனைப் பக்கத்தில் வைத்துச் சார்ஜில் போட்டேன். பையை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்துச் செருப்பை மாட்டும்போது அழைப்பு மணி அடித்தது.

பென்சிகர் அண்ணன். என் கணவரின் கூட்டாளி, கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். எங்கள் பெட்டியே அவர் கடையில் வாங்கியதுதான்.

"லியோன் நேத்து பேசுனான் தங்கச்சி. மிஷினை ஒரு தடவை பாத்துட்டு வான்னான். எங்க, வெளிய கெளம்பிட்டியளா?"

"துணி தேய்க்கக் குடுக்கணும். அப்புறம் போய்க்கிடுதேன். உள்ள வாங்க."

வேறு என்ன சொல்வது? பையைக் கதவோரம் தள்ளிவிட்டு உள்ளே வந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னது ஓடிக்கிட்டு இருக்கு?"

"ஆபீஸ் சோதனை. நடுவுல நிறுத்துனா வேலை போயிரும்னு சொல்லியிருக்காவ."

"இது முடிய சாயங்காலம் ஆகுமே." தன் போனை எடுத்து என் கணவரை அழைத்துப் பார்த்தார். லைன் கிடைக்கவில்லை. மறுபடியும் அழைத்தார். 

"டீ போடட்டா அண்ணே?"

"போடுங்க, போடுங்க."

அடுப்படிக்குப் போனேன். பிரிட்ஜில் இரண்டு பாக்கெட் பால் இருந்தது. கதவை மூடினேன். மணிபர்சை மட்டும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

"பால் இல்லண்ணே. முக்குக் கடையில வாங்கிட்டு வந்துருதேன்."

அவர் திரையைப் பார்த்தபடியே தலையாட்டினார். வாசலைத் தாண்டினேன். பையைத் தொடவில்லை. பால் வாங்கப் போகிறவளுக்கு எதற்குப் பை? சான்றிதழெல்லாம் போனால் போகட்டும் என்று நடந்தேன். கேட்டைத் திறக்கும்போது பின்னாலிருந்து குரல்.

"தங்கச்சி."

நின்றேன். அவர் வாசலில் நின்றார். கையில் என் கட்டைப்பை.

"தேய்க்கணும்னீங்களே. விட்டுட்டுப் போறியளே."

இறங்கி வந்து கொடுத்தார். சேலைக்கு நடுவே சான்றிதழ்க் கோப்பு விறைத்துக்கொண்டு நின்றது. அது அவர் கையில் இடித்திருக்கும். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. "எனக்குக் கடையில ஆள் காத்துக்கிட்டு இருக்கு. நான் இப்பிடியே கெளம்புதேன். சோதனை முடியட்டும், பொறவு பாத்துக்கிடலாம்" என்றார். பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அவருக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

பள்ளியில் சிஸ்டர் எதுவும் கேட்காமல் ரியானாவை வகுப்பிலிருந்து கூட்டிவந்து விட்டார். பஸ்ஸில் சன்னல் ஓரம் அவளை விடவில்லை. பின்னால் பைக் வரும்போதெல்லாம் குனிந்துகொண்டேன். பெரியம்மா வீட்டுக்குப் போகிறோம் என்றேன். நாளைக்கு டிராயிங் போட்டி என்று அழுதாள். எட்டயபுரம் தாண்டியதும் அழுகையை நிறுத்திவிட்டு டிபன் டப்பாவைத் திறந்து புளிச்சோற்றைச் சாப்பிட்டாள். எனக்கு ஒரு வாய் ஊட்டினாள். விழுங்க முடியாமல் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

மேபல் சொன்னபடி நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் பையை வாங்கவில்லை, என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 28, மாலை

மேபலின் மருத்துவமனையில் ஒரு கம்ப்யூட்டரில் பென்டிரைவைப் போட்டுப் பார்த்தோம். போனில் நஸ்ரின். திரையின் படங்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். கீழே இன்னொரு கோப்புறை இருந்தது. கேமரா எடுத்த படங்கள்.

நான் மடித்த துணி அடுக்குவது. ரியானா வாய்ப்பாடு சொல்லும்போது கூரையைப் பார்ப்பது. நான் பாயில் தூங்குவது. போன வருடம் ஒரு நாள் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதிருக்கிறேன். ஒரு படம் இல்லை, வரிசையாகப் பல படங்கள். அழுது முடித்து முகத்தைத் துடைப்பது வரை.

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று மாலை போன் செய்து, மீன் என்ன விலைக்கு வாங்கினாய் என்று கேட்டார்.

நஸ்ரின் போனில் விசும்பும் சத்தம் கேட்டது. நான் அழவில்லை. எனக்குக் குளிராக இருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

மேபலின் போனுக்கு அவர் அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் போட்டாள்.

"டெல்பின் பக்கத்துலதான இருக்கா? அவகிட்ட குடுங்க மைனி." அதே தணிந்த குரல். "டெல்பின். வீட்டுக்கு வந்துட்டேன். சட்டையெல்லாம் அழகா தேச்சு வச்சிருக்க. சாப்பிட என்ன வச்சிருக்கன்னு அடுப்படியில வந்து பாத்தேன். ஒண்ணும் இல்ல. பிள்ளையைக் கூட்டிக்கிட்டு நாளைக்கு வந்துரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"சரிங்க" என்றேன்.

மேபல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். போனை அணைத்தாள். நான் சொல்ல நினைக்கவில்லை. அவர் நிறுத்தியதும் அந்த வார்த்தை தானாக வந்துவிட்டது. இரவு முழுக்க மேபல் கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்தாள். அவர் வருவார் என்றா, நான் போய்விடுவேன் என்றா, கேட்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

மகளிர் காவல் நிலையத்தில் புகார். இன்ஸ்பெக்டர் ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டவர். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அடிப்பாராம்மா?" என்றார்.

"இல்லை."

"கை ஒடிஞ்சதா உங்க அக்கா சொல்றாங்களே. எப்படி ஒடிஞ்சது?"

"குளியலறையில" என்று ஆரம்பித்தேன். அவர் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. 

"முறுக்கினாரு" என்றேன். "யார்கூட போன்ல பேசுனன்னு கேட்டாரு. அக்காகூடன்னு சொன்னேன். நம்பல. சத்தம் கேக்குற வரைக்கும் முறுக்கினாரு. அப்புறம் அவரேதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு."

இன்ஸ்பெக்டர் எழுதினார். வெளியே வந்து ஓரமாக வாந்தி எடுத்தேன்.

ஜூலை 2, புதன்

அவரை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம். நானும் இருக்க வேண்டுமாம்.

ஜூலை 3, வியாழன்

தூங்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. போய் மன்னிப்புக் கேட்டுவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று காலையில் ஒருமுறை நினைத்தேன். மத்தியானம் ஒருமுறை. எழுதிவைக்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார், நான் தேய்த்தது. இன்ஸ்பெக்டருக்கு வணக்கம் சொல்லி, உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். பார்த்தால் யாருக்கும் மரியாதை வரும்.

"தனியா இருக்குற பொம்பளை மேடம். வீட்டுல பெண் பிள்ளை வேற. நான் எங்கேயோ கடல்ல கெடக்கேன். பாதுகாப்புக்குத்தான் போட்டேன். எம் பொண்டாட்டியை நான் பாக்குறது தப்பா?"

இன்ஸ்பெக்டர் நான் அழும் படத்தை மேசையில் அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதைப் பார்த்தீங்களா?"

"பாத்திருப்பேன்."

"எதுக்கு அழுறாங்கன்னு கேட்டீங்களா?"

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். போனில் பார்ப்பாரே, அதே பார்வை. "அது வீட்டு விஷயம் மேடம். நாங்க பேசிக்கிடுவோம். டெல்பின், எந்திரி, போவோம்."

என் கால் எழுந்துகொள்ளப் பார்த்தது. நிஜமாகவே பார்த்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "அவர்கூடப் போறீங்களா?"

ஏதோ சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

"எழுதணும்மா. சத்தமாச் சொல்லுங்க."

"போகல."

அறைக்குள் என் குரல் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று நினைக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த பெண் காவலர் நிமிர்ந்து பார்த்தார். வழக்குப் பதிவாகும் என்று இன்ஸ்பெக்டர் அவரிடம் சொல்ல ஆரம்பித்தார். அவர் கேட்டுக்கொண்டிருந்தாரா தெரியாது. என்னைத் தாண்டி நடைக்குப் போகும்போது குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எத்தனை நாளைக்குட்டி?" என்றார்.

 'சரிங்க' என்று நான் சொல்லவில்லை.

வெளியே சுவரோரம் மேபலும் ரியானாவும் நின்றார்கள். ரியானா ஐஸ் சாப்பிட்டு நாக்கெல்லாம் ஆரஞ்சு நிறமாக இருந்தது. "அப்பா வந்திருக்காவளா?" என்றாள்.

"வந்திருக்காவ."

"நம்மகூட வாராவளா?"

"இல்ல. நாம மட்டும் போறோம்."

அவர் கார் புறப்படட்டும் என்று மேபல் சொன்னாள். புறப்படவில்லை. தெருமுனையில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நின்றது. அதைத் தாண்டித்தான் பஸ் நிறுத்தத்துக்குப் போக வேண்டும். ரியானாவை நடுவில் விட்டு, ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு நடந்தோம். காரைத் தாண்டும்போது நான் நேராகப் பார்த்தேன், உள்ளே எதுவும் தெரியவில்லை. பஸ் வந்தது.  ரியானாவை முன்னால் ஏற்றிவிட்டு நானும் ஏறினேன்.